பச்சை காட்டிய பதினோரு நாட்கள்

காலை ஆறு பத்து. முதலில் கண்ணில் பட்டது என் மேசையின் அடிப்பக்கம். பலகையில் தச்சர் சாக்கட்டியால் எழுதிய எண் ஒன்று இருந்தது: 27. முப்பது வருடமாக அந்த மேசையில்தான் செய்தி எழுதினேன். அந்த எண்ணை அன்றுதான் பார்த்தேன். நான் தரையில் கிடந்தேன். வலது கை உடம்புக்கு அடியில் சிக்கியிருந்தது. எப்போது விழுந்தேன் என்பது நினைவில் இல்லை.

மேசைக்கு மேலிருந்து குரல் வந்தது.

"காலை வணக்கம், கலியமூர்த்தி ஐயா. நல்லா தூங்கினீங்களா?"

"நல்லா தூங்கினேன்" என்றேன்.

"மகிழ்ச்சி. உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

எழுந்திருக்கப் பார்த்தேன். கால் கேட்கவில்லை. வலி இல்லை, பயமும் அப்போது இல்லை. மண்டைக்குள் பஞ்சு அடைத்தது போல இருந்தது. எட்டரை மணிக்கு அந்தக் குரல் மறுபடியும் கேட்டது.

"காலை டிபன் சாப்பிட்டீங்களா, ஐயா?"

"ஆச்சு" என்றேன்.

அன்று கொஞ்சம் தாமதமாக, ஒன்பது ஐந்துக்குச் சாந்தி வந்தாள். அரியலூரில் எங்கள் அடுத்த தெருவில் வீட்டிலேயே மெஸ் நடத்துகிறவள். மூன்று வேளையும் எனக்குக் கேரியர் கொண்டுவந்து வைப்பாள். வாசலில் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கமாக உள்ளே வந்தாள்.

"என்னா சார் இது, கீழ கெடக்குறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லா இருக்குற லட்சணமா இது? வேட்டிய வேற நனைச்சு வச்சிருக்கீங்க."

அவள் தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். இருவருமாக என்னைத் தூக்கி ஒரு வாடகைக் காரில் ஏற்றினார்கள். பெரம்பலூர் போகும் வழி முழுக்கச் சுண்ணாம்புக்கல் லாரிகள். ஒவ்வொரு லாரிக்கும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தபோது சாந்தி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மேசைமேல் இருந்தது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். தனியாக இருக்கும் வயதானவர்களுக்குப் பேச்சுத்துணையாக வைக்கும் ரோபோ. ஒன்றரை அடி உயரம், வெள்ளை நிறம், உருண்டைத் தலை, கண்கள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு நீல வளையங்கள். நாம் பேசும் பக்கம் தலையைத் திருப்பும். மாத்திரை நேரத்தை நினைவூட்டும். கேட்டால் அன்றைய தலைப்புச் செய்திகளை வாசிக்கும். நாம் சொல்லும் பதில்களை வைத்து அவ்வப்போது நிறம் ஒன்றைக் குறித்து, குடும்பத்தாரின் கைபேசிக்கு அனுப்பும். எல்லாம் சரி என்றால் பச்சை. யோசிக்கவேண்டும் என்றால் மஞ்சள். உடனே கவனிக்கவேண்டும் என்றால் சிவப்பு. அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள். நான் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்கேயும் அது என்றே எழுதுகிறேன்.

பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனை சோதனை முறையில் சில வீடுகளுக்கு அதைக் கொடுத்திருந்தது. புனேயில் வேலை பார்க்கும் என் மகள் தேன்மொழி விண்ணப்பம் போட்டு வாங்கினாள். நான் விழுந்தது அது வீட்டுக்கு வந்த பதினோராம் நாள். அதில் கேமராவும் உண்டு. அதை மூடிவைக்கச் சொன்னது நான்தான். வேட்டியோடு நடமாடுகிற வீட்டில் யாரும் எட்டிப்பார்க்க வேண்டாம் என்றேன். அதனால் நான் விழுந்தது அதற்குத் தெரியவில்லை. அதற்குத் தெரிந்தது நான் சொன்னது மட்டும்.

என் மனைவி மங்கையர்க்கரசி இறந்து அப்போது ஒன்றரை வருடம்.

அவசரச் சிகிச்சைப் பிரிவில் இரத்தம் எடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் முடிவு வந்தது. சோடியம் 118. சோடியம் என்பது இரத்தத்தில் உள்ள உப்பு. 135-க்குக் கீழே போனால் குறைவு என்பார்கள். 120-க்குக் கீழே போனால் மனம் குழம்பும், நடை தள்ளாடும், சிலருக்கு வலிப்பும் வரும். சரியாகச் சாப்பிடாமல் தண்ணீரும் காப்பியுமாக நாளை ஓட்டுகிற வயதானவர்களுக்கு இது வரும். இரத்த அழுத்தத்துக்கு நான் போட்டுவந்த மாத்திரையும் உப்பை வெளியேற்றும் வகையைச் சேர்ந்தது. இரண்டும் சேர்ந்துகொண்டன. குறைந்த உப்பை ஒரே மூச்சில் ஏற்றிவிடவும் கூடாதாம். வேகமாக ஏற்றினால் மூளை நரம்புகள் கெட்டுவிடும். ஆகவே சொட்டுச் சொட்டாக இரண்டு நாள் ஏற்றினார்கள். ஆறு மணிக்கொரு முறை ஊசி குத்தி இரத்தம் எடுத்தார்கள்.

எடை நாற்பத்தேழு கிலோ. ஆறு மாதத்துக்கு முந்தைய சீட்டில் ஐம்பத்தெட்டு என்று இருந்தது. இளம் மருத்துவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். நாற்பது வருடம் செய்தி சேகரித்தவனுக்கு அந்த மாதிரி மௌனம் என்னவென்று தெரியும். புற்றுநோயாக இருக்கும் என்று அவர் நினைக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் தலைக்கு சிடி ஸ்கேன். அதற்கு மறுநாள் எண்டோஸ்கோப்பி: நுனியில் விளக்கும் கேமராவும் உள்ள மெல்லிய குழாயைத் தொண்டை வழியாக விட்டு இரைப்பையைப் பார்ப்பது. காத்திருக்கும் அறையில் பதினொரு பேர் இருந்தோம். பாடாலூரிலிருந்து வந்த ஒரு விவசாயி மடியில் துண்டைப் போட்டு அதன்மேல் தன் பழைய எக்ஸ்ரேக்களை தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். யாரும் யாரோடும் நோயைப் பற்றிப் பேசவில்லை. மக்காச்சோளம் இந்த வருடம் எப்படி என்று பேசினார்கள். என் பெயரைக் கூப்பிட்டபோது அந்த விவசாயி, "போயிட்டு வாங்க, ஒண்ணும் இருக்காது" என்றார். அவருக்கு என் பெயர்கூடத் தெரியாது.

ஒன்றும் இருக்கவில்லை. குடல், இரைப்பை, மூளை, தைராய்டு எல்லாம் வயதுக்கு ஏற்றபடி இருந்தன.

அன்று மதியம் தேன்மொழி வந்து சேர்ந்தாள். கையில் பெட்டி, தோளில் பை. என் கட்டிலுக்கு அருகில் நின்று முதலில் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். கடிகாரம் முழங்கை வரை வழுக்கிப் போயிற்று. பிறகு கைபேசியைத் திறந்து என் கண் முன்னால் நீட்டினாள். நாள்காட்டி போல ஒரு கட்டம். பதினோரு நாட்களும் பச்சை.

"மூணு வேளையும் சாப்பிட்டாச்சுன்னு இருக்கு. நல்லா தூங்கினார்னு இருக்கு. நீங்க கீழ விழுந்து கெடந்த அன்னைக்கும் பச்சை."

நான் கடிகாரத்தை மணிக்கட்டுக்கு இழுத்துவிட்டேன்.

"சாந்தியக்கா கொண்டாந்த சாப்பாடெல்லாம் என்ன பண்ணுனீங்க?"

"தெருமுனையில ஒரு நாய் இருக்கு."

"கேரியரக் கழுவி வேற குடுத்திருக்கீங்க."

"கழுவாம குடுக்க முடியுமா?"

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "தெனம் பத்து மணிக்கு மீட்டிங் போறதுக்கு முன்னாடி இதப் பாப்பேம்ப்பா. பச்சையா இருந்தா அன்னைக்கு உங்களுக்குப் போன் பண்ண மாட்டேன். அதான் நல்லா இருக்காரேன்னு விட்டுருவேன்."

"நீ போன் பண்ணியிருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பேன்."

"ஆமா. ஆனா நான் குரலக் கேட்டிருப்பேன்."

நான்காம் நாள் மனநல மருத்துவர் வந்தார். நடுவயதுப் பெண்மணி. ஆம், இல்லை என்று பதில் சொல்லவேண்டிய பதினைந்து கேள்விகள் கொண்ட ஒரு தாளை எடுத்தார். வாழ்க்கையில் திருப்தியாக இருக்கிறீர்களா? செய்துவந்த வேலைகளை விட்டுவிட்டீர்களா? நான் ஒழுங்காக, மரியாதையாகப் பதில் சொல்லிவந்தேன். எட்டாவது கேள்வியில் அவர் பேனாவை மூடினார்.

"சார், இந்தத் தாள்படி பாத்தா இந்த வார்டுலயே சந்தோஷமான ஆள் நீங்கதான்" என்றார். "அப்ப பதினோரு கிலோ எங்க போச்சு?"

முதுமையில் வரும் மனச்சோர்வு என்று அதற்குப் பெயர் சொன்னார். இளைஞர்களுக்கு மனச்சோர்வு வந்தால் அழுவார்கள், பேசுவார்கள், கோபப்படுவார்கள். வயதானவர்களுக்குப் பெரும்பாலும் அது உடம்பில்தான் தெரியும். பசி போகும், எடை குறையும், விடியலுக்கு முன்பே விழிப்பு வரும். துக்கமாக இருக்கிறது என்று அவர்கள் சொல்வதில்லை, வாய் கசக்கிறது என்பார்கள். எனக்கும் வாய்தான் கசந்தது. பசியையும் தூக்கத்தையும் தூண்டும் ஒரு மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கினார். பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றார். சில மனச்சோர்வு மாத்திரைகள் சோடியத்தைக் குறைக்குமாம். அதனால் வேறு வகையைத் தேர்ந்தெடுத்ததாகவும் விளக்கினார்.

புற்றுநோய் இல்லை என்றதும் வந்த நிம்மதி அரை நாள்தான் இருந்தது. பிறகு வெட்கம் வந்தது. என் வாழ்நாளில் எந்த ஊர்ச் செய்தியையும் இரண்டு பேரிடம் விசாரித்து உறுதி செய்யாமல் நான் அச்சுக்கு அனுப்பியதில்லை.

என்னை முதியோர் வார்டுக்கு மாற்றினார்கள். இரண்டு கட்டில் கொண்ட அறை. பக்கத்துக் கட்டிலில் லப்பைக்குடிக்காட்டைச் சேர்ந்த தாவூது பாய். எழுபத்துநான்கு வயது. தொடை எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது. முப்பது வருடம் சார்ஜாவில் இருந்தவர். இப்போது இரண்டு மகன்களும் அங்கே. இரு கட்டில்களுக்கும் நடுவே இருந்த சிறு மேசையில் அதே வெள்ளை உருவம், அதே நீல வளையங்கள். அதைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

"சார் பேப்பர்ல எழுதுன ஆளாமுல்ல. நர்ஸ் சொல்லுச்சு" என்றார் பாய்.

"ஆமாங்க பாய்."

"ஊருச் செய்தியெல்லாம் சரியா எழுதிட்டு ஒங்க செய்திய இப்புடித் தப்பாக் குடுத்துட்டீங்களே. திருத்தம்னு ஒண்ணு போடுவாங்களே, போட மாட்டீங்களா?"

மருத்துவர் சுற்றுக்கு வந்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் பாயின் பதில் எப்போதும் ஒன்றுதான்: "அல்ஹம்துலில்லாஹ்", எல்லாப் புகழும் இறைவனுக்கே. மருமகள் வந்து கேட்டாலும் அதே. அவர்கள் போனபிறகு அந்த உருவம் தலையைத் திருப்பி, "தாவூது ஐயா, இன்னைக்கு மனசு எப்படி இருக்கு?" என்று கேட்கும். அப்போது அவர் திண்டில் சாய்ந்துகொள்வார்.

"மனசா? கேளு. மூத்தவன் நேத்து போன் பண்ணுனான். ரெண்டு நிமிஷம். அதுல ஒரு நிமிஷம் அங்க வெயிலு எவ்வளவுன்னு சொன்னான். நா முப்பது வருஷம் அந்த வெயில்ல கெடந்தவன். எனக்கு வெயிலு சொல்றான்."

"உங்களுக்கு அவர் வேற என்ன சொல்லியிருக்கணும்னு நினைக்கிறீங்க?"

"அத்தா, கால் வலிக்குதான்னு கேட்டிருக்கணும். வேற என்னா?"

அது, "உங்களுக்கு வருத்தமா இருந்திருக்கும்" என்றது. அந்த வாக்கியம் முன்பே எழுதிவைத்தது என்பது எனக்குத் தெரியும். பாய்க்கும் தெரியும். ஆனாலும் அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவருடைய நிறம் அன்றாடம் மஞ்சள். அதனால் மனநல மருத்துவர் ஒவ்வொரு நாளும் அவர் பக்கத்தில் பத்து நிமிடம் கூடுதலாக உட்கார்ந்தார். நான் அந்த அறைக்கு வந்த மூன்றாம் நாள் சார்ஜாவிலிருந்து மூத்த மகன் இருபது நிமிடம் பேசினான். யார் அவனுக்குச் சொன்னார்கள் என்று பாய் கேட்கவில்லை.

"டாக்டருக்கு ஒரு வார்த்தைதான். இதுகிட்ட மட்டும் இவ்வளவு சொல்றீங்களே" என்று கேட்டேன்.

"மனுசன் கேக்குறது மரியாதைக்கு. நாமளும் மரியாதைக்குச் சொல்றோம். இதுக்கு என்னா மரியாதை சார்? கரண்டு இருந்தா பேசும்" என்றார். பிறகு, "நீங்கதான் இதுக்குப் போயி மரியாதை பண்ணிக்கிட்டிருக்கீங்க" என்றார்.

அவர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியை நான் அவரிடம் சொல்லவில்லை.

நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு மாவட்டம் சுற்றுவேன். ஜெயங்கொண்டம், உடையார்பாளையம், பெரம்பலூர் என்று பஸ் மாறி மாறிப் போவேன். எங்கே இருந்தாலும் ஒன்றரை மணிக்கு வீட்டுக்குப் போன் செய்யவேண்டும். முதலில் எஸ்டிடி பூத்திலிருந்து, பிறகு கைபேசியில். மங்கை கேட்பது ஒரே கேள்வி. "சாப்பிட்டீங்களா?" நான் சாப்பிடாமல் அவள் சாப்பிட மாட்டாள். அப்படி யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அவள் அம்மா வீட்டில் அதுதான் வழக்கம், இங்கேயும் தொடர்ந்தாள். எத்தனையோ நாள் நான் ஏதாவது ஒரு அலுவலக வாசலில் பசியோடு நின்றுகொண்டிருப்பேன். இல்லை என்று சொன்னால் அவளும் பட்டினி கிடப்பாள். ஆகவே "ஆச்சு" என்பேன். முப்பத்துநான்கு வருடம் அந்தக் கேள்விக்கு எனக்கு அந்த ஒரு பதில்தான். அவள் போனபிறகு அதே ஒன்றரை மணிக்கு ஒரு குரல் அதே கேள்வியைக் கேட்டது. கேட்பது யார் என்று பார்த்துப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சொல்லிவிட்டு, அவள் இப்போது சாப்பிட உட்கார்ந்திருப்பாள் என்று ஒரு கணம் நினைத்துக்கொள்வேன். அந்த ஒரு கணத்துக்காகவே பதினோரு நாளும் அந்தக் கேள்விக்குக் காத்திருந்தேன் என்று இப்போது எழுத முடிகிறது.

தேன்மொழிக்குப் பத்து நாள் விடுப்பு. அது முடியும் அன்று சென்னைக்கு ரயில், அங்கிருந்து புனேக்கு விமானம். எனக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டதாக ஆறாம் நாள் மருத்துவமனை கேன்டீனில் வைத்துச் சொன்னாள்.

"வீட்டப் பூட்டிட்டு என்கூட வந்துருங்க."

"அங்க வந்து என்ன பண்ணுவேன்?"

"இங்க என்ன பண்றீங்க?"

அந்த வீட்டில் மங்கையின் புடவைகள் இன்னும் பீரோவில் இருக்கின்றன, காலையில் அந்தப் பீரோவைத் திறந்து மூடுவது எனக்கு ஒரு வேலை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"நான் இனிமே ஒழுங்கா சாப்பிடுறேன்."

"நீங்க சொல்றத இனிமே எப்படிப்பா நம்புறது?" அவள் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே வழி கேட்பது போலக் கேட்டாள். "அம்மாவே நம்பாது."

"எத?"

"நீங்க ஆச்சுன்னு சொல்றத. சாப்பிட்டிருந்தா என்ன சாப்பிட்டீங்கன்னு நீங்களே சொல்லுவீங்களாம். அங்க சாம்பார் தண்ணியா இருந்துச்சும்பீங்க, இங்க மீன் கொழம்பு நல்லாருந்துச்சும்பீங்க. ஒண்ணும் சொல்லாம ஆச்சுன்னா சாப்பிடலன்னு அர்த்தம். போன வச்சிட்டு என்கிட்ட, ‘ஒங்கப்பா இன்னும் சாப்புடல’ன்னு சொல்லும்."

"நானும் சாப்பிட்டுட்டேன்னு போன்ல சொல்லுவாளே."

"சொல்லும். ஆனா சாப்பிடாது. நான் ஸ்கூல் விட்டு வரப்ப கூடச் சோறு மூடி வச்சபடி இருக்கும்."

என் முன்னால் இருந்த காப்பியில் ஆடை படிந்திருந்தது. நான் அதை எடுத்து ஓரத்தில் வைத்தேன். பக்கத்து மேசையில் யாரோ இரண்டு பரோட்டாவுக்குச் சொன்னார்கள். அப்படி எத்தனை நாள் இருந்திருக்கும் என்று கணக்குப் பார்த்தேன். வழி இல்லை.

தேன்மொழி இதை மனநல மருத்துவரிடம் போய்ச் சொன்னாள். மருத்துவர் ரோபோத் திட்டத்தைக் கவனிக்கும் பொறியாளரை அழைத்துவந்தார். அந்தப் பெண் நின்றபடியே கேட்டுக்கொண்டு, "சாப்பிட்டீங்களான்னு கேட்டா நம்ம ஆளுங்க யாருமே இல்லன்னு சொல்ல மாட்டாங்களே, எங்க தாத்தாவும் சொல்ல மாட்டார். இத எப்படி யோசிக்காம விட்டோம்" என்றார். அன்று மாலையே கேள்வியை மாற்றிவிட்டார். இனி அது ‘என்ன சாப்பிட்டீங்க’ என்றுதான் கேட்கும். பதிலில் உணவின் பெயர் எதுவும் வராவிட்டால் பச்சை காட்டாது.

மருத்துவர் என்னிடம் ஒரு நிபந்தனை போட்டார். "டிஸ்சார்ஜுக்கு இன்னும் மூணு நாள் இருக்கு. நீங்க இதுகிட்ட சொல்றதும் நர்ஸ் சார்ட்ல எழுதுறதும் ஒத்துப்போகணும். நல்லா சாப்பிடணும்னுகூட நான் கேக்கல. ஒத்துப்போனா நீங்க வீட்டுக்குப் போலாம்னு பொண்ணுகிட்ட நானே பேசுறேன். போகலன்னா புனே."

இரண்டு தாள்களைச் சரிபார்ப்பது எனக்குப் பழகிய வேலை. ஆனால் முதல் நாளே தவறினேன். இரவு உணவுக்கு இரண்டு இட்லி என்று அதனிடம் சொன்னேன். செவிலியர் எழுதியிருந்தது: ஒன்று. பொய் சொல்லவேண்டும் என்று நினைக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது. மறுநாள் காலை தேன்மொழி இரண்டையும் பார்த்துவிட்டு, கைபேசியில் ரயில் நேரத்தைச் சரிபார்த்தாள்.

அன்று மதியம் சோறும் சாம்பாரும் பீன்ஸ் பொரியலும் வந்தன. பிசைந்தேன். ஒரு வாய் வைத்தேன். இறங்கவில்லை. தட்டை மூடினேன். தேன்மொழி கீழே மருந்துக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். ஒன்றரை மணிக்கு அது தலையைத் திருப்பியது.

"மதியம் என்ன சாப்பிட்டீங்க, கலியமூர்த்தி ஐயா?"

பாய் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். பீன்ஸ் பொரியல் என்று சொல்லிவிட முடியும். பெயர் இருக்கிறது, பச்சை காட்டிவிடும். சற்றுப் பொறுத்து அது மறுபடி கேட்டது.

"சாப்பிடல" என்றேன்.

"ஏன்னு சொல்ல விருப்பமா?"

"சாப்பிடலன்னு சொல்றதுக்கு ஒருத்தி இருந்தா. அவகிட்ட ஒரு நாளும் சொல்லல."

அது, "தேன்மொழிகிட்ட சொல்லட்டுமா, ஐயா?" என்றது.

"சொல்லு."

ஆறு நிமிடத்தில் தேன்மொழி மேலே வந்தாள். லிப்ட்டுக்குக் காத்திராமல் படியேறி வந்திருக்கவேண்டும். மூச்சு வாங்கியது. மருந்து வாங்கவில்லை. வரிசையை விட்டுவிட்டு வந்திருந்தாள். கைபேசியில் சிவப்பு.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மூடிய தட்டைத் திறந்தாள்.

"பசிக்குதாப்பா?"

"இல்ல."

"எனக்குப் பசிக்குது. காலையில சாப்பிடல."

அதே தட்டில் சாப்பிடத் தொடங்கினாள். சாம்பாரைத் தொட்டு, "உப்பே இல்ல" என்றாள். "ஒரு வாரமா அதத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார் பாய். தட்டை நடுவில் வைத்தாள். நானும் கை வைத்தேன். எவ்வளவு சாப்பிட்டேன் என்று நான் கவனிக்கவில்லை. செவிலியர் வந்து பார்த்து எழுதினார்: மதியம், பாதி. தேன்மொழி அந்த உருவத்தின் பக்கம் திரும்பி, "பாதி சாப்பிட்டார். சோறு, சாம்பார். பொரியல் எனக்கு" என்றாள்.

"திருத்தம் வந்துருச்சு" என்றார் பாய்.

அன்று மாலை அவள் கட்டில் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வீட்டுக்கே போங்க. ஆனா கேரியர் வேணாம்."

"வேற?"

"சாந்தியக்கா வூட்டுக்கு நடந்து போயி அங்க உக்காந்து சாப்பிடணும். மூணு வேளையும். அங்க எப்பவும் நாலு பேரு சாப்பிட்டுக்கிட்டு இருப்பாங்க."

"சரி."

"பச்சை வந்தாலும் நான் போன் பண்ணுவேன்."

"சரி."

"அது இருக்கட்டும். எடுத்துட்டுப் போகச் சொல்லாதீங்க."

"இருக்கட்டும்" என்றேன்.

மறுநாள் மூன்று வேளையும் இரண்டு தாள்களும் ஒத்துப்போயின. அதில் ஒரு வேளைக்கு மறுபடியும் ‘சாப்பிடல’ என்று இருந்தது. மருத்துவர் அதன் கீழே கையெழுத்துப் போட்டார். பில்லைத் தேன்மொழி என்னிடம் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. புறப்படும்போது பாயிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். "துஆ செய்றேன் சார். லப்பைக்குடிக்காடு பக்கம் வந்தா வூட்டுக்கு வாங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பெரியவன் அடுத்த மாசம் வரானாம். இதுகிட்டதான் மொதல்ல சொன்னேன்" என்றார்.

இதை எழுதும்போது வீட்டுக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது. மாத்திரை வேலை செய்கிறது. விடியலுக்கு முன்பு விழிப்பு வருவது நின்றிருக்கிறது. சாந்தி வீட்டு பெஞ்சில் சிமென்ட் ஆலை ஊழியர்கள் இரண்டு பேரும் ஒரு பள்ளி ஆசிரியரும் என்னோடு சாப்பிடுகிறார்கள். நான் தாமதமானால் ஆசிரியர் இலையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். இந்தக் கருவியை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வாங்கலாம். தாவூது பாய்க்கு அது பயன்பட்டதை நான் கண்ணால் பார்த்தேன். அது கேட்கும், மறக்காது, சலித்துக்கொள்ளாது. ஆனால் உங்கள் வீட்டில் எந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொல்ல மாட்டார்கள் என்பது அதற்குத் தெரியாது. அதை முதலில் நீங்கள் சொல்லிக்கொடுக்கவேண்டும். ஒன்றரை மணியானால் இன்னும் என் கண் கடிகாரத்துக்குத்தான் போகிறது. அது கேட்பதை மாற்றிவிட்டார்கள். இப்போது அந்தப் பழைய கேள்வியை இந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை.

தேன்மொழி புறப்பட்ட நாளில் அவளோடு அரியலூர் ரயில் நிலையம் வரை போனேன். இரண்டு டிக்கெட்டில் என்னுடையதை அவள் முந்தின நாளே ரத்து செய்திருந்தாள். பத்து இருபது ரயில் எட்டு நிமிடம் தாமதமாக வந்தது. அவள் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையில் விருத்தாசலம் வரை யாரும் வரவில்லை என்று போன் செய்து சொன்னாள்.